வீதிச் சப்பாத்தும் மலைச் சப்பாத்தும்

ஓட்டப் போட்டிக்கு வெறுங்காலே போதும் என்றிருந்த பழைய மாணவரும், சப்பாத்தின் பெயரைக் கொண்டே ஓடுபவனை மதிப்பிடும் இன்றைய மாணவரும் இம்மலரை ஒருங்கே படிப்பர். இரு சாராருக்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையுடன், அழகுக்குப் பேர்போன ஓர் ஓட்டச் சப்பாத்து நிறுவனம் மலைப்பாதைக்கு வந்த வரலாற்றையும், அங்கு அது எதிர்கொண்ட இடர்களையும் ஈண்டு சுருக்கமாக விளக்க முற்படுகின்றோம்.

சுவிற்சர்லாந்தின் சூரிக் நகரில் 2010ஆம் ஆண்டு ‘ஒன்’ என்னும் கம்பனி தொடங்கப்பெற்றது. அதனை நிறுவிய மூவருள் ஒருவரான ஒலிவியர் பேர்ண்ஹாட், நீச்சல், சைக்கிளோட்டம், ஓட்டம் மூன்றும் இணைந்த போட்டிகளிற் புகழ்பெற்ற வீரர். தோட்டத்துக்கு நீர்விடும் குழாயைத் துண்டுகளாக வெட்டிச் சப்பாத்தின் அடியில் ஒட்டிப் பார்த்ததே அவர்களுடைய எண்ணத்தின் தொடக்கம். கால் நிலத்திற் படும்போது குழல்கள் நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கும். நசுங்கியபின் கெட்டியாகி, உந்திப் பாய்வதற்குத் துணைசெய்யும். வெளியே தெரியும் இக்குழல்களே நாளடைவில் அக்கம்பனியின் அடையாளமாயின. 2019இல் ரென்னிஸ் வீரர் றொஜர் பெடரர் அதிற் பங்காளராகச் சேர்ந்தார். 2021இல் அதன் பங்குகள் நியூயோர்க் பங்குச் சந்தைக்கு வந்தன. 2022இல் ‘லோவே’ என்னும் ஸ்பானிய ஆடையலங்கார இல்லத்துடன் கூடியும் அது சப்பாத்துகளை வெளியிட்டது. ஓட்டத்தையே அறியாதோரும் அலுவலகத்துக்கு அதனை அணிந்து செல்லலாயினர்.

இத்தகைய நிறுவனம் மலையை நாடுவதற்குக் காரணங்கள் இரண்டு உள. மலையோட்டம் பெருகியமை ஒன்று. மொன்பிளாங் மலையைச் சுற்றிப் பிரான்சு, இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளினூடாக ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ஓடும் போட்டி 2003இல் தொடங்கியது. அதில் ஏறவேண்டிய உயரம் மட்டும் 10,000 மீற்றர் அளவினது. மலைச் சப்பாத்தே நகரத்து நாகரிகம் ஆகியமை மற்றையது. பிரான்சின் அனெசி நகரில் 1947இல் தோன்றிய ‘சலொமொன்’ கம்பனி, நெடுந்தூர மலையோட்டத்துக்கென 2013இல் வெளியிட்ட ஒரு சப்பாத்து, பின்னர் நகர வீதிகளில் அலங்காரப் பொருளாயிற்று. மலையிலிருந்து ஒருவர் நகருக்கு இறங்க, நகரிலிருந்து மற்றொருவர் மலைக்கு ஏறினர் எனலாம்.

ஆயின் வீதி வேறு, மலை வேறு. வீதியில் ஒவ்வோர் அடியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழும்; ஆகவே அதிர்ச்சியைத் தாங்குதலே சப்பாத்தின் முதற்கடன். மலைப்பாதையிலோ கல், வேர், சேறு, சரிவு என அடிக்கு அடி நிலம் மாறும். அங்கே வழுக்காமற் பற்றுதல், பக்கவாட்டிற் புரளாமல் நிற்றல், விரல்களைக் கல்லிலிருந்து காத்தல் ஆகியன முன்னுரிமை பெறுகின்றன. அடி உயர்ந்து மென்மையாகுந்தோறும் கணுக்கால் பிசகும் அபாயமும் கூடும்.

வீதியில் அழகும் பயனுமாயிருந்த குழல்களே மலையில் இடையூறாயின. அவற்றின் இடைவெளிகளிற் சிறுகற்கள் சிக்குகின்றன என ஓடுவோர் பலர் முறையிட்டனர். ஆகவே மலைக்கென அமைத்த ‘கிளவுட்வென்ச்சர்’ முதலியவற்றில், பற்றுந்திறன் மிக்க தனி றப்பரையும் முளைகளையும் அக்கம்பனி அடியிற் பொருத்த நேர்ந்தது. 2021இல் வந்த ‘கிளவுட்அல்ட்ரா’வில் வேறொரு நல்லமைப்பும் உண்டு. பல மணிநேரம் ஓடினாற் பாதம் வீங்கும். அப்போது சிறு நெம்பொன்றைத் தட்டினால், முடிச்சை அவிழ்க்காமலே கயிறு தளர்ந்து இடங்கொடுக்கும். நெடுந்தூரம் ஓடியோரின் அனுபவத்தைக் கேட்டறிந்தாலன்றி இத்தகைய அமைப்புத் தோன்றாது.

அடிறப்பர் அற்பமான பொருளன்று. 1935இல் இத்தாலிய அல்ப்ஸ் மலையில் மலையேறிகள் அறுவர் மாண்டனர். பொருத்தமற்ற பாதணியும் அதற்கொரு காரணமெனக் கருதிய வித்தாலே பிரமானி என்னும் மலையேறி, 1937இல் முளைகள் கொண்ட றப்பர் அடியை ஆக்கினார். ‘விப்ரம்’ என்னும் பெயர் அவர் பெயரின் சுருக்கமே. இன்று பல கம்பனிகள் மலைச் சப்பாத்துக்கு அந்த அடியையே வாங்கிப் பொருத்துகின்றன.

ஆகவே, சப்பாத்து வாங்கப்புகும் மாணவர் முதலில் அதனைத் திருப்பி அடியைப் பார்த்தல் வேண்டும். இறுகிய தரைக்கு 3 அல்லது 4 மில்லிமீற்றர் முளை போதும். சேற்றுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றராவது வேண்டும். குதியை இறுகப் பிடிக்கின்றதா, விரல்முனையில் இடமுண்டா என்பனவற்றையும் ஆராய்க. வீதியில் மட்டும் ஓடுபவனுக்கு மலைச் சப்பாத்து வீண்சுமை. அதன் முளைகளும் தாரில் விரைந்து தேயும். பெற்றோர் உழைத்தீட்டிய பணத்துக்குத் தக்க பயன் கிடைத்தல் வேண்டுமாயின், எந்நிலத்தில் ஓடப்போகின்றோம் என்பதைத் தெளிந்த பின்னரே கடைக்குச் செல்லுதல் நன்று.