கைப்பிடியைத் தள்ளினால் கவ்வும் இரும்பு வாய்!

பொத்தானை அழுத்தினால் கரிக்குச்சி வெளியே வரும் பென்சில் உங்கள் வீட்டில் இருக்கிறதா?

அதன் நுனியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்னஞ்சிறு வாய் ஒன்று தெரியும். இரண்டு மூன்று கீறல் போட்டுப் பிளந்த வாய்! அதன் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். வாய் வளையத்துக்குள் இழுபட்டால், இறுகிக் கரிக்குச்சியைக் கவ்விக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் வாய் வெளியே வந்து விரியும். குச்சி நகரும்.

இரும்பு கடையும் பட்டறைகளிலும் இதே வாய் உண்டு. அங்கே அதற்குப் பெயர் காலெட். எஃகில் செய்தது. பென்சில் வாய் கரிக்குச்சியைப் பிடிக்கிறது. இது இரும்புக் கம்பியைப் பிடிக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வாயை ஒரே தள்ளில் மூடவும் திறக்கவும் கைப்பிடி வைத்த ஒரு கருவி இருக்கிறது. அமெரிக்காவிலே பழைய லேத் வைத்திருப்பவர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். கிடைத்தால் சும்மா பொருந்திவிடுமா? அங்கேதான் வேலை ஆரம்பம்!

சாவி படுத்தும் பாடு

பம்பரமும் தொட்டில் காலும் கடைவதைப் பார்த்திருப்பீர்கள். மரம் சுற்றுகிறது, உளி அதைச் செதுக்குகிறது. லேத்தும் அப்படித்தான். இங்கே சுற்றுவது இரும்பு.

சுற்றும் இரும்பை யார் பிடித்துக்கொள்வது? "சக்" என்னும் வட்டமான பிடிதான். அதற்கு மூன்று தாடைகள். ஒரு சாவியைச் செருகித் திருகினால், மூன்றும் ஒன்றாக நெருங்கி வந்து இரும்பைப் பிடிக்கும்.

சக் நல்ல கருவிதான். பெரியதும் சிறியதுமாக எதையும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் லேத்தை நிறுத்த வேண்டும், சாவியைச் செருக வேண்டும், திருக வேண்டும், சாவியை எடுக்க வேண்டும். எடுக்க மறந்து மோட்டாரைப் போட்டால், சாவி கல்லெறிந்ததுபோல் பறந்து வரும்!

இன்னொரு சங்கடமும் உண்டு. பல வருஷம் உழைத்த சக்கில் தாடைகள் தேய்ந்துவிடும். பிடித்த கம்பி நட்டநடுவில் நிற்காது. ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறு போட்டால், அதில் மூன்று நான்கு கூறு தள்ளி ஓடும். மூன்று கூறு என்பது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிப்பு. "ஒரு முடிதானே!" என்று தள்ளிவிட முடியாது. ஒரு பக்கம் கடைந்து, திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடைந்தால், இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இராது. அச்சு ஆடும்.

நல்ல காலெட் இந்தப் பிசகை ஆயிரத்தில் ஒரு கூறு அளவுக்கு அடக்கிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்கு 500 ஊசி முளைகள் கடைந்து கொடுக்கும் வேலை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி போட்டுக் கழற்றி மாட்ட, ஒன்றுக்கு அரை நிமிஷம். மொத்தம் 250 நிமிஷம். அதாவது 4 மணி 10 நிமிஷம். கைப்பிடியைத் தள்ளி இழுக்க 3 விநாடி போதும் என்றால், மொத்தம் 25 நிமிஷம்! மிச்சமாகும் நேரம் கூலியாக வரும்.

இரட்டையர் தொடங்கிய கம்பெனி

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1906ஆம் ஆண்டில் ஓபிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் லேத் செய்யும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். ஒருவர் ஜான், மற்றவர் மைல்ஸ். ஊர்ப் பெயரே லேத்தின் பெயராயிற்று. பள்ளிக்கூடத் தொழிற்கூடங்களிலும், இரண்டாவது உலகப் போரின்போது கடற்படையின் பழுது பார்க்கும் அறைகளிலும் அந்த லேத்துகள் ஓடின.

அந்தக் கம்பெனிக்கு ஒரு விசித்திரமான சரித்திரமும் உண்டு. 1975ல் தொழிலாளர்களே சேர்ந்து அதை வாங்கினார்கள். 1980ல் அதே தொழிலாளர்கள், தங்களுக்கே சொந்தமான கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள்!

பழைய சவுத் பெண்ட் லேத்துகளை இப்போது யாரும் செய்வதில்லை. ஆனால் பல கொட்டகைகளில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் "ஹெவி டென்" என்று அழைக்கப்படுவதற்குத் தனி மவுசு. 10 அங்குல லேத், கனமான வகை. மவுசுக்குக் காரணம் அதன் ஓட்டை!

ஆம், லேத்தில் சுற்றும் தண்டு உள்ளே பொள்ளலானது. அதை ஸ்பிண்டில் என்பார்கள். ஹெவி டென் ஸ்பிண்டிலின் துளை 1⅜ அங்குலம். மிகவும் புழக்கத்தில் உள்ள காலெட்டுகளில் ஒன்று "5சி" என்ற வகை. அதன் உடம்பு 1¼ அங்குலத் தடிப்பு. இரண்டும் பொருந்திவிடுகின்றன.

10 அங்குலத்திலேயே இலேசான வகை ஒன்றும் உண்டு. 9 அங்குல லேத்தும் உண்டு. அவற்றின் துளை முக்கால் அங்குலம்தான். 5சி உள்ளே நுழையாது. "10 அங்குல லேத்துக்கு ஏற்றது" என்று யாரோ சொன்னதை நம்பிக் கருவி வாங்கி, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் இதனால்தான். பணம் கொடுக்குமுன் ஸ்பிண்டிலின் துளை, நீளம், இடது கோடியின் தடிப்பு மூன்றையும் அளந்துவிட வேண்டும்.

நான்கு உறுப்புகள்

கருவியில் முக்கியமானவை நான்கு.

லேத்தின் வலது முகத்தில், ஸ்பிண்டிலின் வாய்க்குள், கூம்பான ஓர் உறை. அதற்குள் காலெட் உட்காரும். காலெட்டின் வாலில் மரை இருக்கிறது. அந்த மரையைப் பற்றிக்கொள்ள, ஸ்பிண்டிலின் முழு நீளத்துக்கும் ஒரு குழாய். இடது கோடியில், குழாயை இழுக்கும் கைப்பிடிக் கருவி.

கைப்பிடியைத் தள்ளினால் ஒரு வளையம் நகரும். வளையம் ஒரு கூம்பை நகர்த்தும். கூம்பு ஏறியதும், பக்கத்திலுள்ள எஃகு விரல்கள் விரிந்து குழாயைப் பின்னுக்கு இழுக்கும். குழாய் காலெட்டை இழுக்கும். காலெட்டின் தலை உறைக்குள் நெருக்குண்டு வாயை மூடும். விரல்கள் கூம்பின் மேட்டில் ஏறி நின்றுவிட்டால், கையை எடுத்துவிடலாம். பிடி தளராது.

பொருத்தும் விதம்

முதல் வேலை துடைப்பது! இது அற்பமாகத் தோன்றும். ஆனால் கூம்பு உறைக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு இரும்புத் தூள் சிக்கினாலும், காலெட் கோணலாக நிற்கும். வாங்கிய காலெட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், உறையைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் குற்றவாளி அந்தத் தூள்தான்.

உறையை மாட்டியபின், நேரான ஒரு எஃகு முளையைக் காலெட்டில் பிடித்து, முள் காட்டும் அளவுமானியை அதன்மேல் தொடவிட்டு, கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பார்கள். முள் ஆடும் அளவுதான் பிசகு.

அடுத்தது குழாய். வேறு லேத்திலிருந்து கழற்றிய கருவி என்றால், குழாயின் நீளம் பெரும்பாலும் ஒத்துவராது. நீளமாக இருந்தால் வெட்டிவிடலாம். குட்டையாக இருந்தால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். குழாயின் உள்ளே, அங்குலத்துக்கு 20 மரை வீதம் வெட்ட வேண்டும். குழாயின் சுவரோ மெல்லியது. அவசரப்பட்டால் நெளிந்துவிடும். கொஞ்சம் வெட்டுவது, காலெட்டைத் திருகிப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம் வெட்டுவது. இப்படித்தான் போக வேண்டும்.

இதற்கெல்லாம் மேலான கண்டம் ஒன்று இருக்கிறது. கைப்பிடியைத் தாங்க லேத்தின் இடது பக்கம் ஒரு தாங்கி வேண்டும். தாங்கியை முடுக்கத் துளைகள் வேண்டும். எல்லாப் பழைய லேத்திலும் அந்தத் துளைகள் இரா. அப்போது வார்ப்பிரும்பில் துளை போட்டே ஆக வேண்டும்.

குழாய் கெட்டால் வேறு குழாய் கிடைக்கும். லேத்தின் தலைப்பகுதியில் தவறான இடத்தில் துளை விழுந்தால்? ஹெவி டென்னில் ஸ்பிண்டில் தாங்கிகளின் அடியில் எண்ணெய்க் குழிகள் இருக்கின்றன. அங்கிருந்து திரி வழியாக எண்ணெய் மேலே ஏறி ஸ்பிண்டிலை நனைக்கிறது. விளக்குத் திரியைப் போல! துளை தவறிப்போய் அந்தக் குழியைத் தொட்டால் எண்ணெய் ஒழுகிப்போகும். எண்ணெய் இல்லாமல் சுற்றினால் ஸ்பிண்டில் பாழ். அத்தனை வருஷம் காப்பாற்றி வந்த லேத்தை ஒரு துளை தீர்த்துவிடும்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் மரத்திலோ அட்டையிலோ மாதிரித் தாங்கி ஒன்றைச் செய்கிறார்கள். அதை வைத்துப் பார்த்து, கைப்பிடி இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வருகிறதா, பல்சக்கர மூடியில் இடிக்கிறதா என்று கவனிக்கிறார்கள். பிறகே குறி, பிறகே துளை. முடிந்தால், ஏற்கெனவே உள்ள மரைத் துளை ஒன்றிலேயே தாங்கியை மாட்டிவிடுவது உத்தமம்.

தாங்கி மாட்டியபின் ஒரு சோதனை. காலெட் இறுகிய நிலையில், கைப்பிடி தளர்வாகக் கொஞ்சம் ஆட வேண்டும். இழுக்கும் விசை முழுவதும் ஸ்பிண்டிலோடு அடங்கிவிட வேண்டுமே தவிர, கைப்பிடியின் மேல் ஏறக்கூடாது. ஏறினால் வளையம் உரசும். சூடேறும். சீக்கிரம் தேயும்.

எவ்வளவு இறுக்கம்?

குழாயை அடுத்திருக்கும் திருகு வளையத்தைச் சுற்றி இறுக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கைப்பிடி கடைசியில் சற்றே முரண்டுபிடித்து, பிறகு "டக்" என்று உட்கார்ந்தால் சரியான அளவு. லேசாகப் போனால் கம்பி நழுவும். உடம்பைச் சாய்த்துத் தள்ளவேண்டி வந்தால் விரல்கள் ஒடியும்.

காலெட் பரந்த வாய் அல்ல. அரை அங்குலக் காலெட், அரை அங்குலக் கம்பிக்குத்தான். வெறும் வாயை ஓங்கி மூடினால் காலெட்டின் உருவமே கெட்டுவிடும். அங்குலத்தில் 64ல் ஒரு பங்கு படியாக முழு வரிசையும் வாங்கினால் 60க்கு மேல் வேண்டும்! தேவையான ஐந்தாறை முதலில் வாங்குவதே புத்திசாலித்தனம். மாதத்துக்கு ஒரு சாமான் கடைகிறவருக்கு இந்தக் கைப்பிடிக் கருவியே தேவையில்லை. கையால் சுற்றி இறுக்கும் சக்கரம் போதும், விலையும் குறைவு.

வால்பக்க ஆபத்து

காலெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் தாடைகள் இல்லை. மறந்துவிடச் சாவியும் இல்லை. அந்தமட்டில் கைக்கு நல்லது. ஆனால் ஆபத்து மறுபக்கம் போய் ஒளிந்துகொள்கிறது!

நீளமான கம்பியைக் குழாய் வழியாகச் செருகியே வேலை நடக்கும். அதன் வால் லேத்தின் இடது பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாங்கல் இல்லாமல் வேகமாகச் சுற்றினால், மெல்லிய கம்பி சட்டென்று வளைந்து சாட்டைபோல் விளாசும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது. கம்பியை அளவாக வெட்டிச் செருக வேண்டும். நீளமாகத்தான் வேண்டுமென்றால், தரையில் ஊன்றிய தாங்கலில் ஒரு குழாய் வைத்து அதற்குள் விட வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது.

லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைத் திறந்து, கம்பியை முன்னே தள்ளி, மறுபடி மூடுவது தேர்ந்தவர்களின் வழக்கம். புதிதாகப் பழகுகிறவர்கள் நிறுத்திவிட்டே செய்யலாம். அப்போதும் சாவியைவிட இதுதான் சீக்கிரம்.

மூடும்போது காலெட் கம்பியையும் சேர்த்துக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். கம்பியின் தடிப்பு ஓரிடத்தில் சற்றுக் கூடக் குறைய இருந்தால், இழுபடும் தூரமும் மாறும். அதனால் 500 முளையில் சில, நீளத்தில் மயிரிழை வித்தியாசப்படும். நீளம் துல்லியமாக வேண்டுமானால், முளைகளைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டிவைத்து, கடைசியில் எல்லாவற்றின் முகத்தையும் ஒரே அளவுக்குக் கடைந்துகொள்வார்கள்.