நகரும் வீட்டில் நகரும் அறைகள்

வீடு என்றால் ஓரிடத்தில் அசையாமல் நிற்பது என்பதே நம்மவர் எண்ணம். கடைக்கால் தோண்டி, சுவர் எழுப்பி, கூரை போட்டுவிட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்கும். நாம்தான் வெளியே போய் வருவோம். ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டையே வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். பணியிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதியர், வேலையின் பொருட்டு அடிக்கடி இடம் மாறுவோர், பிள்ளைகளுடன் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டோர் எனப் பலதரத்தாரும் அவர்களுள் உண்டு. பலருக்கு அது விடுமுறைக்கால வாகனம். சிலருக்கோ அதைத் தவிர வேறு வீடே கிடையாது.

அத்தகைய வீடுகளுள் பெரிய வகை ஒன்றிற்கு 'ஃபிஃப்த் வீல்', அதாவது 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். அவ்வீட்டின் சுவரில் ஒரு பகுதி வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும். வண்டி நின்றதும் ஒரு விசையை அழுத்தினால் போதும். குறுகிய கூடம் விரிந்து விடும். அந்த ஒரே விசையால் எல்லா அறைகளும் ஒருசேர நகர வேண்டுமா, அன்றி ஒவ்வோர் அறையும் தனித்தனியே நகர வேண்டுமா? கேட்பதற்கு இது சிறு கேள்வியாகத் தோன்றும். ஆயினும் ஒரு குழந்தையின் விரல்களும், ஒரு குடும்பத்தின் வீடும் இக்கேள்விக்குள் அடங்கியுள்ளன என்பதை விளக்கவே இக்கட்டுரை.

பெயர் வந்த விதம்

நான்கு சக்கரக் குதிரை வண்டியின் முன் அச்சு எளிதாகத் திரும்புவதற்காக, அதன்மேல் படுக்கை வசத்தில் ஒரு வளையத்தைப் பொருத்துவது அக்கால வழக்கம். தரையில் உருளும் நான்கு சக்கரங்களுக்கு மேலாக அமைந்த அந்த வளையத்தையே ஐந்தாம் சக்கரம் என்றனர். பிற்காலத்தில், பெரிய லாரிகளின் இழுக்கும் பகுதியையும் சரக்குப் பகுதியையும் இணைக்கும் தட்டிற்கும் அதே பெயர் நிலைத்தது. விமானத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான கிளென் கர்ட்டிஸ், 1920களின் பிற்பகுதியில் 'ஏரோகார்' என்ற இழுவை வீட்டை இம்முறையில் இணைத்து ஓடச் செய்தார்.

இன்றைய வீடுகளில், பிக்கப் டிரக்கின் சரக்குத் தொட்டிக்குள் அந்த இணைப்புத் தட்டு இருக்கும். வீட்டின் முன்பகுதியிலிருந்து கீழ்நோக்கி நீண்டிருக்கும் கனத்த இரும்பு முளை அதில் பூட்டிக்கொள்ளும். வீட்டின் எடையில் ஒரு பங்கு டிரக்கின் பின் அச்சின்மேல் நேராக இறங்குவதால், ஓட்டத்தில் ஆட்டம் குறைகிறது. டிரக்கின்மேல் கவிந்திருக்கும் உயர்ந்த முன்பகுதி பெரும்பாலும் படுக்கையறையாக அமையும்.

மேசை இழுப்பறை போல

அமெரிக்கச் சாலைகளில் இத்தகைய வண்டியின் அகலம் பொதுவாக 8½ அடிக்கு மேற்படக் கூடாது. அந்த அகலத்துள் சோபா, உணவு மேசை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி அனைத்தையும் வைத்துவிட்டால், நடுவே ஒருவர் நடப்பதற்கும் இடம் போதாது. எனவே, மேசையின் இழுப்பறையைப் போலச் சுவரின் ஒரு பகுதியைச் சாமான்களோடு சேர்த்து வெளியே தள்ளும் ஏற்பாடு தோன்றியது. இந்தியானா மாநிலத்தின் நாப்பனி ஊரில் உள்ள நியூமார் நிறுவனம் 1990ஆம் ஆண்டில் இதனைத் தன் வண்டிகளில் அறிமுகப்படுத்தியது. பின்னர் ஏனைய நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. அமெரிக்காவின் நகரும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்தியானாவின் வடபகுதியில், எல்க்கார்ட் நகரைச் சுற்றியே தயாராகின்றன.

'ஸ்லைடு அவுட்' என்று அவர்கள் அழைக்கும் இந்த நகரும் அறை ஏறத்தாழ 3 அடி தூரம் வெளியே நீளும். ஒரே வீட்டில் மூன்று, நான்கு அறைகள் இவ்வாறு நகர்வதும் உண்டு. அவை காகிதப் பெட்டிகள் அல்ல. குளிர்பதனப் பெட்டியும் அலமாரியும் சுமந்த ஓர் அறையின் எடை பல நூறு கிலோ. அதனை நகர்த்தும் விசைக்கு, குறுக்கே இருப்பது நாற்காலியா, ஒரு மனிதரின் காலா என்ற வேறுபாடு தெரியாது.

எண்ணெய் தேடும் வழி

பெரிய வீடுகளில் பலவற்றில் அறைகளை நகர்த்துவது எண்ணெயின் அழுத்தம். 12 வோல்ட் பாட்டரியால் ஓடும் மோட்டார் ஒரு பம்பை இயக்கும். பம்பு எண்ணெயைக் குழாய்களின் வழியே தள்ளும். ஒவ்வோர் அறைக்கும் அடியில் உள்ள சிலிண்டரில் அந்த எண்ணெய் புகுந்து தண்டை நீட்ட, அறை வெளியே வரும். இதற்கு 'ஹைட்ராலிக்' முறை என்று பெயர். மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கூறிய விதியே இதன் அடிப்படை.

சிக்கலும் அவ்விதியிலேயே இருக்கிறது. ஒரே பம்பு, ஒரே விசை, பல சிலிண்டர்கள். அழுத்தம் எல்லாவற்றிற்கும் சமமாகவே செல்கிறது. ஆனால் எல்லா அறைகளின் எடையும் உராய்வும் சமமல்ல. எனவே எடை குறைந்த அறை முதலில் நகரும். கனமான அறை பிறகு அசையும். ஓர் அறை பாதி வழியில் நிற்க, மற்றொன்று முழுவதும் நீண்டு விடுவதும் உண்டு. வாய்க்காலில் திறந்துவிட்ட நீர் பள்ளமான வயலைத்தான் முதலில் நாடும். மேட்டு வயலுக்கு நீர் வேண்டுமானால் பள்ளத்து மடையை அடைத்தாக வேண்டும். நம் உழவர்கள் நன்கறிந்த இந்த உண்மைதான் அங்கே இரும்புக் குழாய்க்குள் நிகழ்கிறது.

ஏன் தனித்தனியே?

எல்லா அறைகளும் ஒரே விசையில் திறப்பது வசதிதானே என்று கேட்கலாம். இடம் விசாலமாக, தரை சமமாக, சுற்றிலும் ஆள் நடமாட்டமின்றி இருந்தால் வசதிதான். ஆனால் வழிப்பயணத்தில் எல்லா இடமும் அப்படி வாய்ப்பதில்லை. வலப்புறம் ஒரு மரமோ மின்கம்பமோ நிற்கும்; இடப்புற அறையை மட்டுமே திறக்க இயலும். ஓரிரவு மட்டும் தங்கும் இடத்தில், சமையலறைக்கோ படுக்கைக்கோ வழிவிடும் ஓர் அறை திறந்தால் போதும். சில வீடுகளில் எதிரெதிரே உள்ள இரு அறைகள் உள்ளே வரும்போது ஒன்றையொன்று உரசக்கூடும். இது முதலில், அது பிறகு என்ற ஒழுங்கு அவற்றிற்குத் தேவை. ஓர் அறை பழுதாகி நின்றுவிட்டால், ஏனையவற்றையேனும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையான காரணம் ஒன்றுண்டு. ஒரு மனிதருக்கு ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் பார்வை செல்லும். இரு புறமும் நான்கு அறைகள் ஒருசேர நகர்ந்தால், விசையை அழுத்துபவர் எதனைக் கண்காணிப்பார்? விசை பெரும்பாலும் உள்ளே சுவரிலோ, வெளியே சாமான் அறைக்குள்ளோ இருக்கும். உள்ளே நிற்பவருக்கு வெளியே விளையாடும் பிள்ளை தெரியாது. வெளியே நிற்பவருக்கு, சோபாவுக்கும் அலமாரிக்கும் இடையே கைவைத்து நிற்கும் பிள்ளை தெரியாது. ஓர் அறை மட்டும் நகர்கிறது என்றால், அந்த ஓர் அறையை உள்ளும் புறமும் காண இருவர் போதும்.

மடையை அடைக்கும் முறை

ஹைட்ராலிக் வீடுகளில் தனிக் கட்டுப்பாடு இரு வகையில் அமையும். முதல் வகை கைவால்வு. ஒவ்வோர் அறைக்கும் செல்லும் குழாயில் ஒரு வால்வு இருக்கும். வால்வை அடைத்தால் அந்த அறையின் சிலிண்டருக்குள் எண்ணெய் புகவும் இயலாது, வெளியேறவும் இயலாது. அறை நின்ற நிலையிலேயே நிற்கும். வேண்டிய அறையின் வால்வைத் திறந்து, மற்றவற்றை அடைத்து, பிறகு விசையை அழுத்த வேண்டும். இரண்டாம் வகையில், மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள் அமைந்திருக்கும். அவற்றிற்கு அறைக்கொரு விசை உண்டு. ஒவ்வொரு முறையும் குனிந்து வால்வைத் திருக வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு இல்லாத வீட்டில் இதனைப் பிறகு சேர்க்க விரும்புவோர், ஹைட்ராலிக் வேலை அறிந்த மெக்கானிக்கைக் கொண்டே செய்வது நலம்.

கைவால்வு மலிவானது, எளிதில் பழுதாகாதது. ஆனால் அது மனிதரின் நினைவாற்றலை நம்பியிருக்கிறது. எல்லா வால்வுகளையும் அடைத்துவிட்டு விசையை அழுத்தினால், மோட்டார் வீணே உழைத்துச் சூடேறும். தவறான வால்வைத் திறந்தால் எதிர்பாராத அறை நகரும். ஆகவே ஒவ்வொரு வால்விலும் 'சமையல்', 'படுக்கை', 'கூடம்' என்று தெளிவாக எழுதி ஒட்டுவது முதல் வேலை. பயணத்தின்போது வால்வுகள் திறந்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே முடிவானது.

மின் மோட்டாரால் நகர்பவை

எண்ணெய் இன்றி, மின் மோட்டாரால் நகரும் அறைகளும் உண்டு. பற்சக்கரமும் பற்களுள்ள தண்டும் சேர்ந்து அறையைத் தள்ளும். இவ்வகையில் பெரும்பாலும் அறைக்கொரு மோட்டாரும் விசையும் இருப்பதால், தனிக் கட்டுப்பாடு இயல்பாகவே கிடைத்து விடுகிறது. மற்றொரு வகையில், ஒரே அறையின் இரு பக்கச் சுவர்களிலும் இரு சிறிய மோட்டார்கள் இருக்கும். அவை ஒரே சீராக ஓடுகின்றனவா என்று மின்னணுக் கருவி ஒன்று கவனித்துக்கொள்ளும். பாட்டரி வலுவிழந்தால் ஒரு பக்கம் முந்த, மறுபக்கம் பிந்த, அறை கோணலாகிச் சிக்கிக்கொள்ள இடமுண்டு. எனவே மின்முறையிலும் ஒரு நேரத்தில் ஓர் அறையை இயக்குவதே பாட்டரிக்கும் பாதுகாப்பிற்கும் நல்லது.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

முதலில், கையேடு கூறும் முறைப்படி வண்டியைச் சமநிலையில் நிறுத்த வேண்டும். சாய்ந்து நிற்கும் வீட்டில் அறை ஒரு பக்கமாக உரசித் தேயும். பாட்டரியில் போதிய மின்சாரம் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். பிறகு வீட்டை வெளிப்புறமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மரக்கிளை, கம்பம், நாற்காலி எதுவும் குறுக்கே இல்லை என உறுதி செய்தல் வேண்டும். உள்ளே அலமாரிக் கதவுகளும் இழுப்பறைகளும் மூடியிருக்க வேண்டும். அறையைப் பிணைக்கும் பூட்டுத் தண்டு இருப்பின் அதனை அகற்ற வேண்டும்.

குழந்தைகளை எண்ணி ஓரிடத்தில் அமர வைத்தபின்னரே விசையைத் தொடலாம். ஒருவர் விசையில், ஒருவர் வெளியே காவலில். அறை முழுவதும் நீளும்வரை விசையை விடாமல் அழுத்துவது முறை. ஆனால் காவலில் நிற்பவர் "நிறுத்து" என்றால் அக்கணமே கையை எடுத்துவிட வேண்டும். உள்ளே இழுக்கும் முன்னர், அறையின் கூரைமேல் தேங்கிய நீரையும் சருகுகளையும் துடைத்தல் அவசியம். இல்லையேல் அவை உள்ளே புகுந்து, ஓரத்து ரப்பர் பட்டையைக் கெடுத்து, மழைநீர் கசிய வழி செய்யும்.

எண்ணெயின் அளவைப் பொதுவாக எல்லா அறைகளும் உள்ளே இருக்கும் நிலையில்தான் பார்க்க வேண்டும். அறைகள் நீண்டிருக்கும்போது எண்ணெயில் ஒரு பகுதி சிலிண்டர்களில் இருப்பதால், தொட்டியில் குறைந்தது போலத் தோன்றும். அப்போது மேலும் ஊற்றினால், அறைகள் உள்ளே வந்ததும் எண்ணெய் பொங்கி வழியும். குழாயில் கசிவு இருப்பதாக ஐயம் எழுந்தால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. நுண்ணிய துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தோன்றும் அக்காயம் கையையே இழக்கச் செய்யக் கூடியது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்ப்பதே தக்க முறை. வால்வு அடைபட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில், நகரும் அறைக்கு அடியில் படுத்து வேலை செய்வதும் கூடாது. வால்வு எண்ணெயைத் தடுக்கும் கருவியே அன்றி, உயிருக்குப் பொறுப்பேற்கும் பூட்டு அல்ல.

அமெரிக்காவில் உள்ள நம் உறவினருடன் இத்தகைய வீட்டில் நாலு நாள் தங்கும் வாய்ப்பு நம் குடும்பத்தார்க்கும் கிடைக்கலாம். அப்போது விசை எங்கே உள்ளது, எந்த அறை எந்தப் பக்கம் நகரும், அது நகரும்போது பிள்ளைகள் எங்கே அமர வேண்டும் என்ற மூன்றையும் வீட்டாரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்கள் அதனைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். நான்கு அறைகளையும் ஒவ்வொன்றாகத் திறப்பதால் அதிகமாகச் செலவாவது சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களைத் தாராளமாகச் செலவிடலாம்.