பக்கத்து வாங்கில் இருந்தவன்

2019ஆம் ஆண்டு மே மாதம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் மூடப்பட்டிருந்த பாடசாலைகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. வாயிலில் பிள்ளைகளின் புத்தகப்பைகள் சோதிக்கப்பட்டன. கொழும்பிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் 9இல் கற்ற கத்தோலிக்கச் சிறுவன் ஒருவன், மூன்று ஆண்டுகளாகத் தன்னுடன் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த முஸ்லிம் நண்பனைப் பார்த்து, "பைக்குள் என்ன கொண்டுவந்தாய், சஹ்ரான்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. குண்டுதாரிகளின் தலைவனுடைய அந்தப் பெயர், இடைவேளைக்குள் எல்லோருடைய வாயிலும் பழகிவிட்டது. வார இறுதிக்குள் அந்த நண்பன் தனியே கடைசி வாங்குக்குப் போய்விட்டான்.

இருவரும் கொம்பனித்தெருப் பிள்ளைகள். ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்க அடிமைகள் வைக்கப்பட்டிருந்த இடம் அது. பின்னர் மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் ஒருவர் சுவரில் மற்றவர் சாய்ந்து வாழும் இடமாயிற்று. வேகந்தைப் பள்ளிவாசலிலிருந்து கியூ வீதி முருகன் கோவிலுக்கு நடந்தே போகலாம். கிறிஸ்மஸ் பலகாரமும் பெருநாள் வட்டிலப்பமும் தட்டு மாறிச் செல்லும் ஒழுங்கைகள் அவை. அப்படிப்பட்ட ஓர் ஒழுங்கையில் வளர்ந்த பிள்ளையிடமிருந்தே அச்சொல் வந்தது.

இதனை எனக்குச் சொன்னவர் அச்சிறுவனின் தாயார். அவர் மகனை நியாயப்படுத்த முயலவில்லை. ஆனால் ஒன்றை மறைக்கவும் இல்லை. சிறுவனின் பெரியம்மா அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் காயமடைந்து வைத்தியசாலையில் இருந்தார். மூன்று ஆலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலுமாக 260க்கும் மேற்பட்டோர் மாண்ட வேளை அது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. அந்தக் கோபம் குண்டு வைத்தவனைத் தேடிச் செல்ல இயலாது, அவன் செத்துப்போயிருந்தான். எனவே அது கைக்கெட்டிய தூரத்தில், பக்கத்து வாங்கில் இருந்தவன்மீது விழுந்தது.

சிலர் செய்த கொலையை அவர்களது இனத்துப் பிள்ளையின் தோளில் ஏற்றும் இவ்வழக்கம் நம் நாட்டில் தோன்றியதன்று. வேதனையோடு சொல்லவேண்டியிருக்கிறது: இதனை உலகுக்கு நெடுங்காலம் பழக்கிக் காட்டியவர்களுள் கிறிஸ்தவர்களும் உளர். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக யூதப் பிள்ளைகள், "கிறிஸ்துவைக் கொன்றவர்கள்" என்ற ஏச்சைக் கேட்டே வளர்ந்தனர். ஏசிய சிறுவர்கள் அதனை வீதியில் மட்டும் கற்கவில்லை; மறைக்கல்வி வகுப்பிலும் பெரிய வெள்ளி மறையுரையிலும் கற்றார்கள். 1938 நவம்பரில் ஜெர்மனியின் அரச பாடசாலைகளிலிருந்து யூத மாணவர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1942 ஜூனில் ஜெர்மனியர் கைப்பற்றியிருந்த பிரான்சுப் பகுதியில், ஆறு வயதைக் கடந்த யூதப் பிள்ளைகள் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போகவேண்டியதாயிற்று. நாசிகளின் வெறி வேறு, பழைய கிறிஸ்தவப் பகை வேறு என்று அறிஞர் பிரித்துக் காட்டுவர். அது சரியே. ஆயினும் அந்தப் பகையால் பண்பட்ட நிலத்திலேயே இந்த விதை முளைத்தது.

இதனைத் திருச்சபையின் முன் எடுத்துவைத்தவர் ஒரு பாடநூல் ஆசிரியர் என்பது சிந்திக்கத்தக்கது. ஜூல் இசாக் பிரான்சு நாட்டு மாணவர் பலரும் படித்த வரலாற்றுப் பாடநூல்களை எழுதிய யூதர். மனைவியையும் மகளையும் நாசிகளின் கொலைமுகாமுக்குப் பலிகொடுத்தவர். பழிவாங்கும் நூல் எதையும் அவர் எழுதவில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு யூதரைப் பற்றி என்ன கற்பிக்கப்படுகிறது என்று நற்செய்தியோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1960 ஜூனில், தமது எண்பத்திரண்டாம் வயதில், திருத்தந்தை 23ஆம் அருளப்பரை நேரில் சந்தித்து முறையிட்டார். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை நம்பிக்கைத் துரோகிகள் எனக் குறித்து வந்த சொல்லை அதே திருத்தந்தை 1959இலேயே நீக்கியிருந்தார். 1965 அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, கிறிஸ்தவமல்லாத மதங்கள் பற்றிய அறிக்கை, இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் எல்லார்மீதும் வேறுபாடின்றிச் சுமத்தலாகாது, இன்றைய யூதர்மீதும் சுமத்தலாகாது என்று தெளிவாக்கியது.

இதில் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 1566இல் வெளிவந்த உரோமை மறைக்கல்வி நூலே, பாவம் செய்யும் கிறிஸ்தவனின் குற்றம் யூதருடையதைவிடப் பெரிது, ஏனெனில் அவன் ஆண்டவரை அறிந்தும் செய்கிறான் என்று கூறியிருந்தது. சரியான போதனை நூலில் நானூறு ஆண்டு இருந்தது. பிள்ளையின் காதுக்கு எட்டியதோ வேறு. நம் திருப்பாடுகளின் நாடகங்களிலும் பாருங்கள்: "சிலுவையில் அறையும்" என்று கத்தும் கூட்டத்துக்குக் கறுத்த உடையும் கோணல் முகமும்; மாதாவுக்கும் அருளப்பருக்கும் வெள்ளுடை. இரு சாராரும் யூதரே என்பதைக் காண்கிற பிள்ளைக்கு யார் சொல்லுகிறார்கள்?

சீடர்களும் இந்தப் பாடத்தை எளிதாகக் கற்கவில்லை. சமாரியர் ஊர் ஒன்று ஆண்டவரை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து நெருப்பு இறங்கி அவ்வூரையே அழிக்கும்படி செய்யலாமா என்று யாக்கோபும் அருளப்பரும் கேட்டனர். கதவை அடைத்தவர் சிலராயிருக்கலாம். அவர்கள் எரிக்க நினைத்தது ஊர் முழுவதையும். இயேசு அவர்களைக் கடிந்துகொண்டார் என்கிறார் லூக்கா. அடுத்த அதிகாரத்திலேயே, காயப்பட்டவனைத் தூக்கிச் சென்று பராமரித்த ஒரு சமாரியனின் கதையை ஆண்டவர் சொல்லுகிறார்.

2019 மே 13ஆம் நாள் மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முஸ்லிம் சகோதரர்மீது கைவைக்க வேண்டாமென்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அந்நாட்களில் கத்தோலிக்கரை வேண்டினார். அவ்வேண்டுகோளைத் தொலைக்காட்சியில் அத்தாயும் மகனும் சேர்ந்தே பார்த்தனர். மகன் தலையாட்டினான். தான் வகுப்பில் செய்ததும் அதில் அடங்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவன் யார்மீதும் கைவைக்கவில்லையல்லவா?

வகுப்பில் நடந்தது ஒரு மாணவனின் தாய் மூலம் அவருக்குத் தெரியவந்தது. அவர் மகனை அடிக்கவில்லை. தம் கதையைச் சொன்னார். 1996 ஜனவரி 31ஆம் நாள் மத்திய வங்கியின் முன் குண்டு வெடித்தபோது அவருக்குப் பதினாறு வயது. மறுவாரம் பாடசாலை வானில் ஏறியபோது, அவர் பக்கத்தில் எப்போதும் இருக்கும் சிங்களத் தோழி எழுந்து வேறிடத்துக்குப் போனாள். பின்னாலிருந்து யாரோ "கொட்டி" என்றார்கள். புலி என்பது பொருள். அந்தக் குண்டில் இறந்தவர்களுக்காக அதற்கு முந்திய இரவுதான் அவர் வீட்டில் செபமாலை சொல்லியிருந்தனர். அதை யாரிடம் போய்ச் சொல்வது? வருட முடிவுவரை வானின் முன் இருக்கையில் சாரதிக்குப் பக்கத்தில் இருந்து போனதாகச் சொன்னார்.

"அம்மா, உங்களை அப்படிச் சொன்னது யார்?" என்று மகன் கேட்டான்.

"அதுதான் மகன், இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. எழும்பிப் போனவளைத்தான் தெரியும்."

மறுநாள் மாலை தகப்பனும் மகனும் அடுத்த ஒழுங்கைக்குப் போனார்கள். நோன்பு காலம். துறக்கும் நேரம் நெருங்கியிருந்தது. வழியில் ஒத்திகை பார்த்துவந்த வார்த்தைகள் ஒன்றும் பையனின் வாயில் வரவில்லை. நண்பன் கதவருகே நின்றான், அவனும் பேசவில்லை. உள்ளிருந்து அவனுடைய உம்மம்மா, "பாங்கு சொல்லப் போகுது, கஞ்சி குடிச்சிட்டுப் போங்க மகன்" என்று கோப்பையை நீட்டினார். குடித்தார்கள். வகுப்பில் நடந்தது அந்த அம்மையாருக்குத் தெரியுமா என்று தகப்பனுக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை பையன் தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு கடைசி வாங்குக்குப் போய் நண்பனின் பக்கத்தில் அமர்ந்தான். சிலர் இருவரையும் சேர்த்துப் பரிகசித்தனர், பிறகு சலித்துவிட்டனர். அவ்வாண்டு முடிவில் நண்பனின் பெற்றோர் அவனை வேறு பாடசாலைக்கு மாற்றினார்கள். காரணம் கேட்கத் தாயாருக்குத் துணிவு வரவில்லை.

இப்போது இருவரும் இளைஞர்கள். பேரை வாவிப் பக்கம் எதிர்ப்பட்டால் நின்று கதைப்பார்களாம், கிரிக்கெட், வேலை என்று. அந்தப் பெயரைப் பற்றி இருவரும் இன்னும் பேசியதில்லை என்று தாயார் சொன்னார்.