கூகுளில் கூடலூர்: ஒரு செலவுக் கணக்கு

தமிழ்நாட்டில் கூடலூர் என்ற பெயரில் 3 நகராட்சிகள் இருக்கின்றன. ஒன்று நீலகிரியில். இன்னொன்று தேனி மாவட்டத்தில், கம்பத்தைத் தாண்டிக் குமுளி போகிற வழியில். மூன்றாவது கோவை மாவட்டத்தில், பெரியநாயக்கன்பாளையம் பக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரிக் கூடலூரில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர், தேனிக் கூடலூரில் ஏறக்குறைய 42 ஆயிரம் பேர். இது போதாதென்று கடற்கரையில் கடலூரும் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அவசரமாகத் தட்டுகிறவருக்கு நான்கும் ஒன்றோடொன்று குழம்பும்.

நீலகிரிக் கூடலூரில் வீட்டோடு சேர்ந்த அறையை ஹோம்ஸ்டேயாக விடுகிற ஒருவர் தன் இணையப் பக்கத்தில் "கேரள எல்லைக்கு அருகில், புலிகள் காப்பகத்தை ஒட்டி, மலைக்காற்றோடு" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தேனிக் கூடலூருக்கும் பொருந்தும். அங்கே பெரியாறு, இங்கே முதுமலை. அங்கே குமுளி, இங்கே நாடுகாணி. எந்தக் கூடலூர் என்பதை எழுதுகிறவர் சொல்லாவிட்டால் தேடுபொறி ஊகிக்கத்தான் செய்யும். பக்கத்தின் தலைப்பில் "நீலகிரி" என்று ஒரு சொல், உள்ளே "முதுமலை", "ஊட்டியிலிருந்து 50 கிலோமீட்டர்", "தொலைபேசிக் குறியீடு 04262" என்று சில அடையாளங்கள். இதற்குச் செலவு 0 ரூபாய். எஸ்.இ.ஓ. என்று சொல்லப்படும் தேடுபொறிப் பாடத்தின் முதல் பாதி இவ்வளவுதான்: தேடுகிறவர் எந்தச் சொல்லால் தேடுவாரோ அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் இயல்பாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு யாருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிற சிறு விவசாயிக்கு எஸ்.இ.ஓ. தேவையில்லை. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு 4 முதல் 4.5 கிலோ பச்சை இலை போகிறது. அந்த இலையின் விலையை ஏல மையமும் தொழிற்சாலையும் தீர்மானிக்கின்றன, கூகுள் அல்ல. வாங்குகிறவரை நேரடியாகச் சந்திக்கிறவர்களுக்குத்தான் இது: அறை விடுகிறவர், மிளகும் காபியும் பாக்கெட் போட்டு அனுப்புகிறவர், ஜீப் ஓட்டுகிறவர்.

அறை விடுகிறவரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓர் இரவுக்கு 2,500 ரூபாய், மாதம் 20 இரவு என்று போட்டால் ஆண்டுக்கு 240 இரவு, 6 லட்சம் ரூபாய். எல்லாரும் முன்பதிவுத் தளங்கள் வழியாக வந்து, தளம் 15 சதவீதம் கமிஷன் எடுத்தால் இரவுக்கு 375 ரூபாய் போகும். ஆண்டுக்கு 90,000. அந்தத் தளங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் விருந்தாளியைக் கொண்டுவருவது அவைதான். ஆனால் நான்கில் ஒரு பங்கு, அதாவது 60 இரவு, நேரடியாக வந்தால் மிச்சம் 22,500 ரூபாய். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டுதான் கற்கும் செலவைப் பார்க்க வேண்டும்.

முதல் ஆண்டுக்கு ஒதுக்க வேண்டியது இது:

இணைய முகவரி (டொமைன்): 1,000 ரூபாய்
ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைக்கும் இடம்): 3,000 ரூபாய்
வேர்ட்பிரஸ் மென்பொருள்: 0
பாதுகாப்புச் சான்றிதழ்: 0
கூகுள் சர்ச் கன்சோல் (தேடலில் உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று காட்டுவது): 0
கூகுள் பிசினஸ் புரொஃபைல் (வரைபடப் பதிவு): 0
பாடப் புத்தகம்: 0

முதல் இரண்டும் தோராயம், விற்கிறவரைப் பொறுத்து ஏறும், இறங்கும். முதல் ஆண்டு 99 ரூபாய் என்று ஆசை காட்டுவார்கள். பார்க்க வேண்டியது இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்புக் கட்டணத்தை. மற்றவை உண்மையிலேயே இலவசம். வேர்ட்பிரஸ் 2003-லிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கிறது. பூட்டுக் குறி காட்டும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015-லிருந்து காசில்லாமல் தருகிறது, அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். பாடப் புத்தகத்தைக் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தொடக்கநிலையினருக்கான அதன் எஸ்.இ.ஓ. கையேடு முதலில் 2008-ல் வந்தது, பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது.

ஆக, பணம் 4,000. பெரிய செலவு நேரம். என் மதிப்பீட்டில் 40 மணி நேரம்: கையேட்டைப் படிக்க 3, விருந்தாளிகள் என்னென்ன சொல்லித் தேடுவார்கள் என்று பட்டியல் போட 6, ஐந்து பக்கங்கள் எழுத 15, படங்களைச் சுருக்க 4, வரைபடத்தில் இடத்தைப் பதிவு செய்ய 3, சர்ச் கன்சோலை இணைத்துப் புரிந்துகொள்ள 3, திருத்த 6. எட்டு மணி நேர வேலைநாள் என்றால் 5 நாள். நாளுக்கு 500 ரூபாய் கூலி போட்டாலும் 2,500. மொத்தம் 6,500 ரூபாய்.

அந்த 15 மணி நேரம் எழுதுவதில்தான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பித்து அரைப் பக்கம் நிரப்பிவிடுகிறார்கள். இயற்கை எழில் என்று தட்டித் தேடுகிறவர் யார்? பெங்களூர்க்காரர் தேடுவது வேறு: மாலை 4 மணிக்குக் கிளம்பினால் கூடலூர் வந்து சேர முடியுமா? பந்திப்பூர் வழியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. இதைத் தெளிவாகச் சொல்லி, தாமதமானால் என்ன செய்யலாம் என்றும் எழுதினால் அது ஒரு பக்கம். கோழிக்கோட்டிலிருந்து காரில் வருகிறவர் கேட்பது: இ-பாஸ் வேண்டுமா? சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 வாகனம் என்று உச்சவரம்பும் போட்டார்கள். இதுவும் ஒரு பக்கம். விதி மாறும்போது பக்கத்தையும் மாற்றி, மாற்றிய தேதியையும் மேலே போட வேண்டும். முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமுக்கு எந்த நேரத்தில் போவது என்பது மூன்றாவது. முதுமலையின் யானைகளைப் பற்றிய ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கிய பிறகு அந்த முகாமைத் தேடி வந்தவர்களைக் கூடலூர்க்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

கூகுளுக்கு ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் ஏறக்குறைய 15 சதவீதம் அதுவரை யாரும் தேடாதவை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. எல்லாச் சொற்களையும் முன்கூட்டியே யாராலும் பட்டியலிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விருந்தாளி போனில் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, அவற்றுக்கு நேர்மையாகப் பதில் எழுதுகிறவர் பட்டியலில் இல்லாத தேடலிலும் அகப்படுவார். ஒரு பக்கத்துக்கு இத்தனை வார்த்தை வேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது, கூகுள் அப்படி எந்த எண்ணும் வைக்கவில்லை. கீவேர்ட்ஸ் மெட்டா டேக் என்று ஒரு பெட்டியில் ஐம்பது சொற்களை அடைக்கச் சொல்வார்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

தமிழில் எழுதலாமா? கட்டாயம் எழுதலாம். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறவர்களுக்காக ஆங்கிலப் பக்கம் வேண்டும். கோவைக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் தனியாகத் தமிழ்ப் பக்கம் வேண்டும், அந்தக் களத்தில் போட்டியும் குறைவு. முகவரியில் மட்டும் ஒரு சங்கடம் உண்டு. "கூடலூர்" கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் க, அதன் ஊகாரக் குறி, ட, ல, மறுபடி ஊகாரக் குறி, ர, புள்ளி என 7 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21 பைட். பக்கத்தின் முகவரியில் அது வரும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரிகிறது. ஆக 63 எழுத்து. ஆங்கில எழுத்தில் 7. கூகுளுக்கு இரண்டும் புரியும், தரவரிசை இதனால் குறையாது. ஆனால் அந்த 63 எழுத்துச் சரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாங்குகிறவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயப்படுவார். முகவரியை ஆங்கில எழுத்தில் சிறியதாக வைத்துக்கொண்டு, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் எழுதுவதே என் பரிந்துரை. தமிழ் எழுத்துகள் அகலம் அதிகம் பிடிப்பதால் தேடல் முடிவில் தலைப்பு சீக்கிரம் வெட்டுப்படும். ஊரும் பொருளும் முதல் நாலைந்து சொற்களுக்குள் வந்துவிட வேண்டும்.

அடுத்தது படங்களின் எடை. போனில் எடுத்த ஒரு படம் 4 எம்.பி. என்றால் பத்துப் படம் 40 எம்.பி. மலைப்பாதையில் விநாடிக்கு 4 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்று வைத்தால் அந்தப் பக்கம் முழுதாகத் திறக்க 80 விநாடி. அதே படங்களை 150 கே.பி.க்குச் சுருக்கினால் மொத்தம் 1.5 எம்.பி., 3 விநாடி. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். சுருக்கும் செயலிகள் இலவசம்.

வரைபடப் பதிவில் கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: பொருத்தம், தூரம், பெயர் அறிமுகம். காசு கொடுத்து இந்த வரிசையை மாற்ற முடியாது. எஸ்டேட் பாதையில் கதவு எண் இல்லாத வீட்டுக்குக் கூகுள் வரைபடத்தின் பிளஸ் கோடு என்ற இடக்குறியீடு உதவும். வரைபடத்தில் குறியைத் தள்ளி வைத்துவிட்டால் இருட்டியபின் விருந்தாளி யானைப் பாதையில் போய் நிற்பார், அதனால் குறி சரியாக விழுந்திருக்கிறதா என்று நேரில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லி மதிப்புரை வாங்குவது விதிமீறல்.

பலன் எப்போது தெரியும்? பெரும்பாலும் 4 மாதத்திலிருந்து ஓராண்டு ஆகும் என்று கூகுளின் பொறியாளரே 2017-ல் விளக்கியிருக்கிறார். கூடலூரில் இந்தக் காத்திருப்புக்கு நல்ல வழி இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் அறைகள் காலியாக இருக்கும். அப்போது எழுதத் தொடங்கினால் ஏப்ரல் சீசனுக்கு 10 மாதம் கிடைக்கும். இடையில் சர்ச் கன்சோலைப் பாருங்கள், அது 16 மாதத் தரவை வைத்திருக்கும். ஒரு பக்கம் தேடலில் 400 முறை தெரிந்து 8 பேர் உள்ளே வந்தால் 2 சதவீதம். தலைப்பை மாற்றி எழுதி அது 4 சதவீதமானால் 16 பேர். கூடுதலாக வந்த அந்த எட்டுப் பேரில் ஒருவர் இரண்டு இரவு தங்கினாலும் 5,000 ரூபாய், முதல் ஆண்டின் பணச்செலவு அதிலேயே வந்துவிடும். 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த கூகுளின் ஏ.ஐ. சுருக்கப் பதில்கள் சில கேள்விகளுக்கு மேலேயே விடை சொல்லிவிடுவதால் உள்ளே வருகிறவர்கள் குறையலாம். ஆனாலும் அறையை ஏ.ஐ. வாடகைக்கு விட முடியாது, தங்குகிறவர் உங்கள் எண்ணைத் தேடித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, விற்கப்படும் பொட்டலங்கள். "மாதம் 10,000, மூன்றே மாதத்தில் முதலிடம்", "1,000 இணைப்புகள் 2,000 ரூபாய்க்கு" என்றெல்லாம் வருகின்றன. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்கிறது. விலைக்கு வாங்கிய இணைப்புகளை நம்பிய தளங்களை 2012 ஏப்ரலில் பென்குவின் என்ற மாற்றம் கீழே தள்ளியது. இந்த வட்டாரத்துக்கு இத்தகைய வாக்குறுதிகள் பழகியவை. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலா, பந்தலூர் பாறைகளில் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் ஏராளமான கம்பெனிகள் பங்கு விற்றுப் பணம் திரட்டின. பாறையில் கிடைத்த தங்கம் செலவுக்குக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனிகள் மூடின, பங்கு வாங்கியவர்கள் பணத்தை இழந்தார்கள்.

ஆகவே முதல் ஆண்டில் டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் தவிர யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். ஐந்து பக்கங்களை நீங்களே எழுதி, 12 மாதத் தரவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஆள் வைக்க வேண்டும் என்று தோன்றினால், அந்தத் தரவைக் காட்டி, எந்தப் பக்கத்தில் எதை மாற்றப் போகிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுக்கிறவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.