அறுபது நாள் அனுமதி

பக்கத்து வீட்டு அண்ணாச்சி சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் திண்ணைக்கு வந்தால் டீ முடியும்வரை ஊர்ச்செய்தி ஒன்றையும் விடமாட்டார். போன வாரம் வந்தவர் டம்ளரைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை.

"தம்பி, நீங்க ஹார்பர்ல கிளியரிங் வேலை பாத்தவங்கல்லா, உங்களுக்குத்தான் தெரியும். நம்ம பயலும் அவன் கூட்டாளிகளும் சியாட்டில்லருந்து அலாஸ்காவுக்கு கார்லயே போறாங்களாம். கூட வர்ற அமெரிக்காக்காரப் பையன் கரடிக்குப் பாதுகாப்பா துப்பாக்கி எடுத்துட்டு வர்றானாம். அமெரிக்காவுலருந்து அமெரிக்காவுக்குத்தானப்பா போறோம்ங்கான் இவன். எனக்கு மனசே சரியில்ல."

அவர் மனம் பதறியதில் நியாயம் இருக்கிறது. பேப்பர் ஓரத்தில் ஒரு படம் வரைந்து காட்டினேன். 1867-இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய நிலம் அலாஸ்கா. தாய்நிலத்தோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கிறது. நடுவில் இருப்பது கனடா. 1942-இல் போர்க்காலத்தில் வெட்டிய அலாஸ்கா நெடுஞ்சாலையும் கனடாவின் டாசன் கிரீக்கில்தான் தொடங்குகிறது. ஆக, சியாட்டிலிலிருந்து வண்டி எடுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குள் பிளெய்ன் எல்லைச் சாவடி வந்துவிடும். அங்கே கனடாவுக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும். சும்மா கடந்துபோகிறவர் என்றாலும் சாவடியில் நிற்கும்போது அவர் கனடாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிதான். வண்டியில் இருக்கும் துப்பாக்கி, சட்டத்தின் கணக்கில் ஓர் இறக்குமதிச் சரக்கு.

இறக்குமதி என்ற சொல் வந்ததும் எனக்குப் பேச எளிதாகிவிட்டது. கண்காட்சிக்கு ஒரு இயந்திரம் வரும், படப்பிடிப்புக்குக் கேமரா வரும். விற்க வந்ததில்லை, வேலை முடிந்ததும் திரும்பிப் போகும். அதற்கென்றே கார்னே என்ற காகிதம் உண்டு. பொருளின் எண் என்ன, எப்போது வந்தது, எப்போது போகும் என்று எழுதி, வந்த பொருளேதான் போகிறதா என்று எண்ணைப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். தற்காலிக இறக்குமதியின் உயிர்நாடி இதுதான். கனடா எல்லையில் துப்பாக்கிக்குக் கேட்கிற காகிதமும் இதே வழியில் வந்ததுதான். கேமரா ஊரிலேயே தங்கிவிட்டால் அரசுக்கு வரி போகும். துப்பாக்கி தங்கிவிட்டால் உயிர் போகும். கெடுபிடி அதனால்தான்.

அந்தக் கெடுபிடிக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியலில் ஒரு பொறியியல் கல்லூரிக்குள் புகுந்த ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். அந்தத் துயரத்துக்குப் பின் எழுந்த குரல்கள்தான் 1995-இல் துப்பாக்கிச் சட்டமாக வந்தன. 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோஷியாவில் 22 பேர் கொல்லப்பட்டார்கள். கொலைகாரனிடம் இருந்த துப்பாக்கிகளில் சில அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலிருந்து கள்ளத்தனமாக எல்லை தாண்டி வந்தவை. இரண்டு வாரத்துக்குள், மே 1 அன்று, தாக்குதல் ரகம் என்று சுமார் 1,500 மாதிரிகளுக்குத் தடை வந்தது. 2024 டிசம்பரில் இன்னும் 324 மாதிரிகள் சேர்ந்தன. அமெரிக்காவில் கடையில் அடுக்கி விற்கிற ஏ.ஆர்-15 கனடாவில் தடைப் பட்டியலில். எல்லைச் சாவடி அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறார் என்றால் அவர் மனதில் இதெல்லாம் இருக்கிறது.

"அப்ப கொண்டுபோகவே முடியாதா?" என்றார் அண்ணாச்சி.

முடியும். வெளிநாட்டவர் தம் துப்பாக்கியைச் சில காலத்துக்குக் கொண்டுவரக் கனடா வழி வைத்திருக்கிறது. யார் கொண்டுவருகிறார், என்ன கொண்டுவருகிறார், எதற்கு என்ற மூன்றுக்கும் நேரான பதில் வேண்டும்.

யார் என்பதில் முதல் விதி, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆளையே நாட்டுக்குள் விட வேண்டுமே. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பழைய தண்டனை ஒன்று இருந்தால்கூடக் கனடா திருப்பி அனுப்பலாம். பல அமெரிக்கர்கள் இது தெரியாமல் சாவடிவரை வந்து திரும்பியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் அண்ணாச்சியிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். மகன் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான். அப்படித் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. நண்பன் கொடுத்தான் என்று கையில் பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கனடா எல்லை வருவதற்கு முன்பே காலைச் சுற்றும் பாம்பு இது.

என்ன என்பதற்குக் கனடா துப்பாக்கிகளை மூன்றாகப் பிரித்துவைத்திருக்கிறது. சாதாரண வேட்டை ரைஃபிளும் ஷாட்கன்னும் பெரும்பாலும் கட்டுப்பாடு குறைந்த முதல் வகை. கைத்துப்பாக்கிகளில் பெரும்பகுதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இரண்டாம் வகை. மூன்றாவது, முழுத் தடை. தடை வகையைப் பயணி எந்தக் காரணம் சொல்லியும் கொண்டுவர முடியாது. வழக்கமாகச் சிக்கல் வருவது இரண்டாம் வகையில்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியை வண்டியின் டேஷ்போர்டு முன்னறையில் போட்டுவைப்பது சாதாரணம். அங்கே கிடப்பதையே மறந்து எல்லைக்கு வந்துவிடுகிறார்கள். கனடாவிலோ 2022 அக்டோபர் 21 முதல் தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும், புதிதாக வாங்கி நாட்டுக்குள் கொண்டுவருவதும் முடக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பும்கூட ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் எடுத்துச்செல்லத் தனி அனுமதி வேண்டும். சாலைப் பயணம் போகிறவர் கைத்துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டு வருவதுதான் ஒரே யோசனை.

எதற்கு என்ற கேள்வியில்தான் இரு நாட்டு மனமும் வேறுபடுகின்றன. "என் பாதுகாப்புக்கு" என்பது அமெரிக்கரின் இயல்பான பதில். மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் துப்பாக்கி என்ற பதிலைக் கனடா ஏற்பதில்லை. பருவத்தில் வேட்டை, போட்டி, பழுதுபார்ப்பு, நாட்டைக் கடந்து போவது, ஆளரவமற்ற காட்டுப் பகுதியில் விலங்கிடமிருந்து பாதுகாப்பு, இவை ஏற்கத்தக்க காரணங்கள். அந்தக் கூட்டாளி சொல்கிற கரடிக் காரணம், சாதாரண ரைஃபிளுக்குச் செல்லும், அதிகாரிக்கு நம்பிக்கை வந்தால். மிளகுத் தூவானிலும் (பெப்பர் ஸ்ப்ரே) இதே கணக்குதான். கரடிக்கு என்று லேபிள் ஒட்டி விற்பதைக் கொண்டுபோகலாம். மனிதர் முகத்தில் அடிக்கச் செய்தது தடைசெய்யப்பட்ட ஆயுதம்.

இனி அந்தக் காகிதம். வெளிநாட்டவர் துப்பாக்கி அறிவிப்புப் படிவம் என்று பெயர். கனடா தேசியக் காவல்துறையின் இணையதளத்தில் கிடைக்கும். முன்கூட்டியே நிரப்பி மூன்று பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியின் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண், குழல் நீளம் எல்லாம் எழுத வேண்டும். மூன்றுக்கு மேல் இருந்தால் கூடுதல் தாள். ஆனால் கையெழுத்தை மட்டும் வீட்டில் போடக் கூடாது. எல்லையில் சுங்க அதிகாரியின் கண்முன் போட வேண்டும், அவர் அதற்குச் சாட்சி. கிளியரிங்கில் இருபத்தெட்டு வருஷம் கையெழுத்து வாங்கியே நாளைக் கழித்தவன் என்பதால் இந்த ஒரு விதி எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதியதைப் பிறகு யாரும் "நான் போடவில்லை" என்று சொல்ல முடியாது.

கட்டணம் 25 கனடா டாலர். ஒரு துப்பாக்கியோ மூன்றோ, அதே 25தான். அதிகாரி ஒப்புதல் கொடுத்ததும் அந்தத் தாளே கொண்டுவந்தவருக்கு 60 நாள் உரிமம். நாள் முடிவதற்குள் அந்த மாகாணத்தின் தலைமைத் துப்பாக்கி அதிகாரியிடம் கேட்டால் கட்டணமில்லாமல் நீட்டித்துக் கொடுப்பார்கள். வேட்டையாடுவதென்றால் மாகாணத்தின் வேட்டை உரிமம் வேறு வேண்டும்.

தாளில் எழுதிய ஆளுக்கும் எழுதிய துப்பாக்கிக்கும் மட்டும்தான் அது செல்லும். "ஒரு ராத்திரி நீ வச்சுக்கடா" என்று நண்பன் நம் பிள்ளை கையில் கொடுத்தால் அந்தத் தாள் நம் பிள்ளையைக் காப்பாற்றாது. அண்ணாச்சியை இதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

சாவடியைக் கடந்த பிறகும் விதி உண்டு. வண்டியில் போகும்போது குண்டு ஏற்றியிருக்கக் கூடாது. வண்டியை விட்டு இறங்கிச் சாப்பிடப் போனால், டிக்கியில் வைத்துப் பூட்ட வேண்டும். டிக்கி இல்லாத வண்டியென்றால் வெளியே தெரியாதபடி வைத்துக் கதவைப் பூட்ட வேண்டும்.

அண்ணாச்சி அப்போதுதான் முதல் வாய் டீ குடித்தார். ஆறிப்போயிருந்தது. வீட்டில் வேறு போடச் சொன்னேன்.

"அறிவிக்காமப் போனா என்ன ஆகும்?"

துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்வார்கள். வண்டியையும் பிடித்துவைக்க அதிகாரம் இருக்கிறது. தெரிந்தே கடத்தினார் என்று வழக்கானால், 2023 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. அதிகாரி கேட்பதற்கு முன் தானாகச் சொல்லியிருந்தால், கொண்டுபோக முடியாத பொருளாக இருந்தாலும் பல நேரம் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிடுவார்கள். கேட்டபோது இல்லை என்று சொல்லி, பிறகு வண்டியில் அகப்பட்டால், அதற்கப்புறம் பேச ஒன்றும் இல்லை. வண்டியில் இருக்கிற எல்லாரிடமும் கேள்வி கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் கனடா விசா வாங்கிப் போகிற பையன், எச்-1பியில் திரும்பி அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டியவன், அடுத்தவன் துப்பாக்கிக்காக அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"வழியா போறவங்கதான, தங்கவா போறாங்க?" என்று அவர் மறுபடி கேட்டார்.

தூத்துக்குடிக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கலாமா? 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலை நம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதை ஊரே பார்த்தது. அமெரிக்கக் கம்பெனிக் கப்பல், சியரா லியோன் கொடி. கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கும் காவலர்களும் மாலுமிகளுமாக 35 பேர். இந்தியர், பிரிட்டிஷார், எஸ்டோனியர், உக்ரைனியர். கப்பலில் 35 துப்பாக்கி, ஐயாயிரத்துக்கு மேல் தோட்டா. நெருக்கடியில் வந்தோம், இந்த நாட்டுக்குள் கொண்டுவரும் எண்ணமே இல்லை என்றார்கள் அவர்கள். அனுமதியில்லாமல் இந்தியக் கடல் எல்லைக்குள் ஆயுதம் வைத்திருந்தீர்கள் என்றது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போட்ட வழக்கு. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய்த் திரும்பி, 2016 ஜனவரியில் இங்கே ஐந்தாண்டுத் தண்டனை. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. குற்றமில்லை என்ற தீர்ப்பு கிடைக்க நான்கு வருஷம் ஆனது. அந்த நான்கு வருஷத்தை யாரும் அவர்களுக்குத் திருப்பித் தரவில்லை. வழியாகப் போவது கனடாவில் ஏற்றுக்கொள்ளும் காரணம்தான், எல்லையில் நின்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால்.

அலாஸ்கா போய்ச் சேரும்போதும் ஒரு சாவடி இருக்கிறது. அமெரிக்கச் சுங்கத்தில் 4457 என்று ஒரு படிவம். வெளியே போவதற்கு முன்பே பொருளைக் காட்டி முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால், இது இங்கிருந்து போனதுதான், வெளிநாட்டில் வாங்கியதில்லை என்பதற்கு அத்தாட்சி. அந்த நண்பன் மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டியது.

இத்தனையும் வேண்டாம் என்றால் எளிய வழி இருக்கிறது. சியாட்டிலிலிருந்து ஆங்கரேஜுக்கு நேர் விமானம் உண்டு, கனடா மண்ணை மிதிக்க வேண்டாம். குண்டு இறக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, விமானக் கவுன்டரில் அறிவித்து, சரக்கறைப் பெட்டியாக அனுப்பலாம். சாலையிலேயே போவதென்றால், கரடிக்குப் பயந்து துப்பாக்கி வேண்டாம், லேபிள் ஒட்டிய கரடித் தூவான் போதும். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அண்ணாச்சி இரண்டாவது டீயைச் சூடாகக் குடித்துவிட்டு மகனுக்குப் போன் போட எழுந்தார். அமெரிக்காவிலோ கனடாவிலோ பிள்ளைகளை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்னொருவர் வண்டியில் ஏறி எல்லை தாண்டுவதற்கு முன், "உள்ளே துப்பாக்கியோ தோட்டாவோ இருக்கிறதா, முன்னறையைப் பார்த்தாயா?" என்று வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சாவடிக்குப் போன பிறகு கேட்க வேண்டாம், வீட்டு வாசலிலேயே கேட்கட்டும்.