ஆறு ஏறும் மீனும் மெல்லிய தூண்டிலும்



பறவைகள் பருவந்தோறும் நாடு விட்டு நாடு செல்வதை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். நீருக்குள்ளும் அத்தகைய பயணம் நிகழ்கிறது. கடலில் வாழும் சில மீன்கள் முட்டையிடுவதற்காகக் கூட்டங்கூட்டமாக ஆற்றில் ஏறுகின்றன. ஆற்றில் வளரும் வேறு சில மீன்கள் அதே காரணத்துக்காகக் கடலை நோக்கி இறங்குகின்றன. அப்பயணத்தைப் பற்றியும், அக்காலத்தில் மெல்லிய தூண்டிலால் மீன் பிடிக்கும் கலையைப் பற்றியும் இன்று சில செய்திகள் கூற விரும்புகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு பயிலும் உங்களுள் சிலர் 'அலோஸ்' என்னும் சொல்லை அறிந்திருக்கலாம். அது ஒரு மீனின் பெயர். பிரான்சு நாட்டின் லுவார், கரோன் முதலிய ஆறுகளில் வசந்த காலத்தில் நீர் சற்று வெதுவெதுப்படைந்ததும் அது கடலிலிருந்து ஏறிவரும். வட அமெரிக்காவின் கிழக்குக் கரை ஆறுகளிலும் அதன் இனத்தைச் சேர்ந்த மீன் வசந்தத்தில் ஏறுகிறது. நம் நாட்டில் இம்மீன்களுக்கு உறவானது உல்லம். வங்காளத்தார் அதனை இலிஷ் என்பர். கோதாவரியில் ஏறிவரும் உல்லத்தை ஆந்திர மக்கள் புலச என்று போற்றுவர். நம் ஆறுகளில் வெள்ளம் கொணர்வது வசந்தமன்று, மழையே. ஆகவே உல்லம் பருவமழையின் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறுகிறது.

கடலிலேயே முட்டையிட்டால் ஆகாதோ என்று நீங்கள் கேட்கலாம். ஆற்றின் மேற்பகுதியில் குஞ்சுகளுக்குப் பகை குறைவு. வெள்ளம் கொணரும் நுண்ணுயிர்கள் உணவாகின்றன. பின்னர் அவை கடலுக்கு இறங்கி, அங்குள்ள மிகுந்த உணவை உண்டு வளர்கின்றன. குளிர்நாடுகளில் ஆற்றைவிடக் கடலில் உணவு மிகுதி. எனவே அங்கே ஆறு ஏறும் மீன்கள் அதிகம். வெப்ப நாடுகளில் ஆறும் கழியும் செழிப்பானவை; எனவே கடலுக்கு இறங்கி முட்டையிடும் மீன்களே மிகுதியாக உள்ளன. நம் கொடுவாவும் விலாங்கும் அத்தகையவை.

இனி, தூண்டிலுக்கு வருவோம். உல்லத்தை நம்மவர் வலை கொண்டே பிடித்தனர். மேனாட்டிலோ அதன் உறவினமான மீனை மெல்லிய கோல், மெல்லிய நரம்பு, பளபளக்கும் சிறு உலோகத் தகடு ஆகியவற்றால் பிடிக்கின்றனர். ஆறு ஏறும் காலத்தில் அம்மீன் பெரும்பாலும் உண்பதில்லை. எனினும் கண்ணெதிரே மின்னும் பொருளைக் கவ்வுகிறது. அதன் வாய்த்தோல் தாள்போல் மெல்லியது. முரட்டுக் கயிறு கட்டி வெடுக்கென இழுத்தால் முள் தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மீன் புண்பட்டு ஓடிவிடும். பிடிபட்ட மீனோ தன் தட்டையான பக்கத்தை நீரோட்டத்துக்குக் காட்டி, ஓட்டத்தின் விசையையும் தன் வலிமையோடு சேர்த்துக்கொள்ளும்.

இங்கே நீங்கள் படித்த இயற்பியல் உதவுகிறது. வளையும் கோல் ஒரு வில்போல் திடீர் இழுப்பைத் தாங்கிப் பரவலாக்குகிறது. உருளையில் உராய்வைக் குறைத்து வைத்தால், நரம்பு அறும் நிலையை எட்டுமுன் அது சுழன்று நரம்பை விட்டுக் கொடுக்கிறது. மீன் ஓடும்போது விடுதலும், அது தளரும்போது சுற்றுதலுமே இக்கலையின் இரகசியம். சிறிய மீனையும் முட்டை நிறைந்த மீனையும் நீரிலிருந்து வெளியே எடுக்காமலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடலாம். வலை இத்தகைய தேர்வுக்கு இடம் தருவதில்லை.

ஆனால் தூண்டிலும் வலையும் மீனை எடுக்கின்றன. ஆற்றின் குறுக்கே எழும் சுவர் மீனின் வழியையே எடுத்துவிடுகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை 1836 இல் கட்டப்பட்டது. காவிரியில் மேட்டூர் அணை 1934 இல் நிறைவுற்றது. இவை வயல்களுக்கு வாழ்வளித்தன என்பதை மறுப்பவர் யார்? எனினும், ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறிய உல்லத்தின் கூட்டம் அருகிப் போயிற்று. சால்மன் மீனைப் போல் துள்ளித் தாண்டும் இயல்பு உல்லத்துக்கு இல்லை. ஆகவே சால்மனுக்கென வகுத்த படிவழிகள் அதற்கு உதவுவதில்லை. கங்கையிலும், 1975 இல் பரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கிய பின், அலகாபாத் வரை சென்ற உல்லத்தின் வரவு மிகக் குன்றியது.

பரிகாரம் இல்லையா? உண்டு. அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றின் ஹோல்யோக் அணையில், மீன்களைத் தொட்டியில் சேர்த்து மேலே தூக்கிவிடும் பொறி 1955 இல் அமைக்கப்பட்டது. கென்னபெக் ஆற்றில் பயனற்றுப்போன ஓர் அணையை 1999 இல் அகற்றினர். மீன்கள் திரும்பி வந்தன. பிரான்சில் கரோன் ஆற்றுப் பகுதியில் அலோஸ் மிகக் குறைந்துபோனதால், அதைப் பிடிப்பதற்கு 2008 இல் தடை விதித்தனர். வங்கதேசத்தில் உல்லம் முட்டையிடும் அக்டோபர் மாதத்தில் 22 நாள் பிடித்தலை நிறுத்தி வைக்கின்றனர்.

நம் ஊரையும் நோக்குவோம். செஞ்சிப் பகுதியில் தோன்றும் சங்கராபரணி, வில்லியனூரைக் கடந்து, அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு என்னும் கிளைகளாகக் கடலை அடைகிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து, முகத்துவாரத்து மணல் மேடு கரைந்ததும், ஆறும் கடலும் ஒன்றாகின்றன. மடவைக் குஞ்சுகள் கழிக்குள் நுழைவதும், வளர்ந்த கொடுவா முட்டையிட உப்புநீரை நாடுவதும் இவ்வாயில் வழியாகவே. கொடுவாவிடம் ஒரு விந்தை உண்டு. பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகின்றன. ஆகவே பெரிய கொடுவா பெரும்பாலும் தாய்மீனே. பெரியதைப் பிடித்தேன் என்று பெருமை கொள்ளும் தூண்டில்காரர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாயில் அடைபட்டாலும், கழிவுநீர் கலந்து நீர் கெட்டாலும், மேலே தடுப்புகள் பெருகினாலும் இப்பயணம் தடைப்படும். மீன் வரவு குறைவதை முதலில் அறிபவன் ஆற்றங்கரையில் பொறுமையாக அமர்ந்திருக்கும் தூண்டில்காரனே. என் மாணவர்களுக்கு நான் கூறிவந்ததையே உங்களுக்கும் கூறுகிறேன். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த நாள், முகத்துவாரம் திறந்த நாள், கண்ட மீனின் பெயர், அதன் நீளம் ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதுங்கள். கரையிலுள்ள மீனவப் பெரியவர்களைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால், இந்த ஆற்றுக்கு என்ன வேண்டும் என்று அரசினரிடம் சான்றோடு எடுத்துரைக்க உங்களால் இயலும்.