துணை பிரிந்த கீபோர்டுகள்

இன்று நம் மேசையில் இருக்கும் கணினி முழுக்க நம்முடையது. 1970-களில் அப்படி இல்லை. அன்று கணினி என்றால் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் பெரிய இயந்திரம். ஒரே சமயத்தில் பல பேர் அதைப் பகிர்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு திரையும் ஒரு கீபோர்டும் இருக்கும். அங்கிருந்து ஒரு கம்பி இயந்திரம் வரை போகும். திரையும் கீபோர்டும் சேர்ந்த இந்தச் சாதனம்தான் டெர்மினல். தட்டுவதை அனுப்பும், வருவதைக் காட்டும். அதற்கு மேல் அதற்குப் பெரிய வேலை கிடையாது. 1980-களின் நடுவில் தில்லியில் ரயில் முன்பதிவு கணினிக்கு மாறியபோது கவுன்ட்டர் ஊழியர்கள் தட்டியதும் டெர்மினல்களைத்தான். மறுமுனையில் இருந்தது டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கணினி.

தனிக் கணினிகள் மலிவானதும் டெர்மினல்கள் லாரி லாரியாகக் காயலான் கடைக்குப் போயின. தப்பியவற்றின் கீபோர்டுகளை இன்று உலகெங்கும் தேடி வாங்குகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய வங்கிக் கிடங்குகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் அவை வெளிவருகின்றன. ஐபிஎம் நிறுவனத்தின் சில மாதிரிகள் பல நூறு டாலருக்கு விலை போகின்றன. இதில் புதிதாக இறங்க நினைப்பவர் என்ன வாங்குகிறோம், அதில் எது கெட்டிருக்கும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

நாம் கேள்வி கேட்காமல் பயன்படுத்தும் பல வழக்கங்கள் இந்தப் பலகைகளில் பிறந்தவை. லியர் சீக்லர் நிறுவனம் 1976-இல் ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலைக் கொண்டுவந்தது. அதில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்துகளின் மேலேயே அவை அச்சிடப்பட்டிருந்தன. பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் 'விஐ' என்ற எழுத்துத் தொகுப்பு மென்பொருளை இந்த டெர்மினலில்தான் எழுதினார். இன்றும் அந்த மென்பொருளில் அதே நான்கு எழுத்துகள்தான் கர்சரை நகர்த்துகின்றன. எஸ்கேப் விசை அதில் அத்தனை முக்கியமாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது: இன்று டேப் இருக்கும் இடத்தில், இடது சுண்டுவிரலுக்கு எட்டும் தூரத்தில், ஏடிஎம்-3ஏ-வில் எஸ்கேப் இருந்தது. யூனிக்ஸில் பயனரின் சொந்த அடைவைக் குறிக்கும் அலைக்குறியும் இங்கிருந்து வந்ததுதான். இந்தப் பலகையில் 'ஹோம்' என்ற சொல்லும் அலைக்குறியும் ஒரே விசையைப் பகிர்ந்துகொண்டன.

அடுத்து, டெக் நிறுவனத்தின் எல்கே201. 1980-களின் தொடக்கத்தில் வந்து, விடி220 டெர்மினலோடு பரவலானது. விரலுக்கு அவ்வளவு சுகமான பலகை இல்லை இது. அழுத்தினால் கொழகொழவென்று இறங்கும். ஆனால் கவிழ்த்துப் போட்ட 'டி' வடிவத்தில் நான்கு அம்பு விசைகள், அதற்கு மேலே ஆறு விசைகளின் தொகுதி, வலது ஓரத்தில் எண் தொகுதி என்ற அமைப்பை இதில் பார்க்கும்போது, நம் அலுவலகக் கீபோர்டைப் பார்ப்பது போலவே இருக்கும். தட்டும் சுகத்துக்காக மட்டும் சேகரிப்பவர்கள் எல்கே201-ஐத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான். வரலாற்றைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

தட்டும் சுகம் என்று வந்தால் பேச்சு ஐபிஎம் பக்கம்தான் போகும். சென்னை டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் 'டிவிஎஸ் கோல்ட்' பலகையில் தட்டிப் பழகியவர்களுக்கு விசையின் 'க்ளிக்' விரலில் தெரிவது என்றால் என்னவென்று தெரியும். ஐபிஎம் டெர்மினல்களில் அதைவிட அழுத்தமான உணர்வு கிடைக்கும். 1970-களின் 3278 போன்ற டெர்மினல்களில் இருந்தது 'பீம் ஸ்பிரிங்' அமைப்பு: ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு தட்டையான எஃகு வில், அழுத்தினால் சட்டென்று நிலை மாறும். மின்சாரத் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தவர்களுக்குச் சத்தம் இல்லாமல் கை ஓடாது என்பதால், உள்ளே ஒரு சோலினாய்டையும் வைத்தார்கள். அது விசைக்கு விசை 'டக் டக்' என்று அடிக்கும்.

பீம் ஸ்பிரிங் அமைப்பைத் தயாரிக்கச் செலவு பிடித்தது. அதற்குப் பதிலாக ரிச்சர்ட் ஹாரிஸ் கண்டுபிடித்த அமைப்புக்கு 1978-இல் காப்புரிமை கிடைத்தது. விசையை அழுத்த அழுத்த உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங் சுருங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் தாங்காமல் பக்கவாட்டில் மடங்கும். அந்த மடங்கலில் அடியில் இருக்கும் சிறு தகடு சாய்ந்து சர்க்யூட் பலகையின் மேல் படியும். ஒலியும், விரலில் தெரியும் விடுபடலும், எழுத்து பதிவதும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நடக்கும். மின்தொடர்பு என்று எதுவும் தேய்வதில்லை; தகடு நெருங்கும்போது மின்தேக்கு அளவு மாறுவதை வைத்தே பலகை உணர்ந்துகொள்கிறது. இதுதான் 'மாடல் எஃப்'. 1985-இல் வந்த 'மாடல் எம்' அதே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, அடியில் சர்க்யூட் பலகைக்குப் பதில் மலிவான பிளாஸ்டிக் தாள்களைப் போட்டது.

மாடல் எஃப் வகையில் டெர்மினல்களுக்காக வந்த 122 விசைப் பலகையைச் சேகரிப்பவர்கள் 'போர்க்கப்பல்' என்கிறார்கள். மேலே இரண்டு வரிசையில் 24 செயல் விசைகள், இடது ஓரத்தில் பத்து விசைகள், எடை நான்கு கிலோவை நெருங்கும். மீட்டெடுக்கும் வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வெளியே தூசியும் கறையும் எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை. முதலில் எல்லாக் கோணத்திலும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, விசைகளின் மேல்மூடிகளான கீகேப்களைக் கழற்றி, சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் அழுக்கு போய்விடும். ஐபிஎம் கீகேப்கள் பெரும்பாலும் பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. எழுத்து மேற்பூச்சாக இல்லாமல் சாயமாக உள்ளிறங்கியிருக்கும், எளிதில் அழியாது. வேறு நிறுவனங்களின் பலகைகளில் எழுத்து மேலே அச்சிட்டதாக இருக்கலாம். அங்கே ஆல்கஹால் வைத்துத் தேய்ப்பதற்கு முன் ஓரத்தில் ஒரு விசையில் சோதித்துப் பார்க்க வேண்டும். அசிட்டோனை எந்தப் பலகையின் பக்கமும் கொண்டுபோகக் கூடாது, பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

உண்மையான பிரச்சினை உள்ளே இருக்கிறது. மேல் எஃகுத் தட்டுக்கும் விசைகள் உட்காரும் குழல்களுக்கும் நடுவே ஒரு ஃபோம் தாள் உண்டு. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைப்பது அதுதான். நாற்பது வருடத்தில் அது பொடியாகவோ பிசினாகவோ மாறியிருக்கும். பிடிப்பு போனால் குழல்கள் ஆடும், விசைகள் சீராக விழாது, பொடி சர்க்யூட் பலகை மேல் இறங்கும். இதைச் சரிசெய்யப் பலகையை முழுக்கப் பிரித்தாக வேண்டும். மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். கிளாம்ப் போட்டு அழுத்திக்கொண்டு ஒன்றைப் பக்கவாட்டில் நகர்த்தினால் விடுபடும். பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்து, துரு இருந்தால் தேய்த்து வண்ணம் பூசி, 2 மி.மீ. தடிமனுள்ள புதிய ஃபோம் தாளைத் துளையிட்டுப் போட வேண்டும். மூடுவதுதான் பொறுமை கேட்கும் இடம். ஸ்பிரிங்கோடு சேர்ந்த சிறு தகடுகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஒன்று இடம் மாறி உட்கார்ந்தாலும் மறுபடி பிரிக்க வேண்டும். மூடிய உடனே ஒவ்வொரு விசையையும் அழுத்தி ஒலியைக் கேட்டுவிட்டுத்தான் வெளிக் கூட்டுக்குள் வைக்க வேண்டும்.

மாடல் எம் வேறு விதமாகக் கெடும். அதில் தட்டுகளைப் பிடித்திருப்பவை உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் முனைகள். வயதானதும் அவை ஒவ்வொன்றாக உடைந்து, கூட்டைக் குலுக்கினால் துண்டுகள் உருளும். முனைகளைச் சீவிவிட்டு, அதே இடத்தில் துளையிட்டு 2 மி.மீ. ஸ்க்ரூவும் நட்டும் போட்டு இறுக்குவது வழக்கம். கீ ட்ரானிக் நிறுவனம் பல கணினிகளுக்குச் செய்து கொடுத்த பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் உலோகப் படலம் ஒட்டிய ஃபோம் வில்லை இருக்கும். ஃபோம் செத்தால் பலகை மொத்தமும் ஊமையாகிவிடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது எளிய வேலை. புது வில்லைகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடியும்.

மஞ்சளேறிய கூட்டைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் புற ஊதா ஒளியும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஹைட்ரஜன் பெராக்ஸைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கும் முறை 2008 முதல் பிரபலமாக இருக்கிறது. வெளுக்கும், உண்மை. சீராகப் பூசாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும், சில வருடத்தில் மஞ்சள் திரும்பியும் வரலாம், அடர்த்தியான பெராக்ஸைடு கையைப் பொசுக்கும். மஞ்சள் அந்தப் பொருளின் வயது, நான் விட்டுவிடுவேன்.

இனி, இதை இன்றைய கணினியில் இணைப்பது. டெர்மினல் கீபோர்டு எதுவும் யுஎஸ்பி பேசாது. டெக்கின் விடி100 டெர்மினலின் கீபோர்டுக் கம்பியின் முனையில் இருப்பது கிட்டாருக்குச் செருகுவது போன்ற பெரிய ஆடியோ பிளக். மின்சாரமும் இருபுறத் தகவலும் அந்த ஒன்றிலேயே போகின்றன. எல்கே201-இல் தொலைபேசிக் கைப்பிடியின் நான்கு முனை பிளக் இருக்கும். வைஸ் நிறுவன டெர்மினல்களின் கீபோர்டுகளிலும் இதே சாயலில் பிளக்குகள் உண்டு, ஆனால் உள்ளே கம்பிகளின் வேலை வேறு. பிளக் பொருந்துகிறதே என்று செருகிவிடக் கூடாது. எல்கே201 கேட்பது 12 வோல்ட். நம் கணினியின் யுஎஸ்பி தருவது 5. கையேட்டில் எந்த முனை எதற்கு என்று பார்த்து, மல்ட்டிமீட்டரில் சரிபார்த்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

நடுவில் மொழிபெயர்க்க விரல் நீள மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்று போதும். ஏடிமெகா32யு4 சில்லு உள்ள மலிவான பலகைகளில் ஏற்றிக்கொள்ள இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அது ஒரு பக்கம் பழைய கீபோர்டின் குறியீடுகளைக் கேட்டு, மறுபக்கம் யுஎஸ்பி கீபோர்டாகக் கணினியிடம் பேசும். 122 விசைப் பலகைக்கு இப்படி ஒரு மாற்றியே போதும். பீம் ஸ்பிரிங் பலகைகளுக்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டையே கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துகிறார்கள். மாற்றியைக் கூட்டுக்கு வெளியே வைப்பதுதான் என் விருப்பம். மூலக் கம்பியை வெட்டாமல், அதன் பிளக்குக்கு ஏற்ற சாக்கெட்டை மாற்றியில் பொருத்தினால் பலகை பழையபடியே இருக்கும். உள்ளே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கழற்றிய சர்க்யூட்டையும் ஸ்க்ரூக்களையும் உறையிலிட்டு, எந்தப் பலகையுடையது என்று எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் டெர்மினலின் நிலைமை. கீபோர்டு சிறியது, அனுப்பச் செலவு குறைவு, வாங்க ஆள் உண்டு. திரை கனமானது, கண்ணாடிக் குழாய் உடையும், வாங்குவோர் சிலரே. அதனால் விற்பவர்கள் இரண்டையும் பிரித்து, கீபோர்டை விற்றுவிட்டுத் திரையைக் குப்பையில் போடுகிறார்கள். சிலர் வைஸ் பலகைகளை வாங்கி, இன்றைய கீபோர்டுகளின் செர்ரி வகை ஸ்விட்சுகளில் பொருந்தும் அவற்றின் கீகேப்களை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைத் தூக்கி எறிகிறார்கள். விடி100-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தகவல் வேகத்திலிருந்து திரையின் பிரகாசம் வரை எல்லாவற்றையும் 'செட்-அப்' என்ற விசையை அழுத்தித்தான் மாற்ற முடியும். அந்த விசை இருப்பது கீபோர்டில். கீபோர்டு போன விடி100 நல்ல நிலையில் இருந்தும் பயன்படாத பொருள். அருங்காட்சியகங்களிலும் வீடுகளிலும் இப்படித் துணை இழந்த டெர்மினல்கள் காத்துக்கிடக்கின்றன.

ஸ்பிரிங் மடங்கும் சுகம்தான் வேண்டுமென்றால் அதற்கு எந்த டெர்மினலையும் பிரிக்க வேண்டியதில்லை. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில், ஐபிஎம் முன்பு கீபோர்டு செய்த அதே ஊரில், யூனிகாம்ப் நிறுவனம் 1996 முதல் மாடல் எம் அமைப்பைத் தொடர்ந்து தயாரித்து வருகிறது; 122 விசை வடிவமும் யுஎஸ்பி கம்பியோடு அவர்களிடம் உண்டு. மாடல் எஃப் அமைப்பிலும் வேறு சிலர் புதிய பலகைகள் செய்து விற்கிறார்கள். பழையதே வேண்டுமென்றால், ஏற்கெனவே தனியாகிவிட்ட கீபோர்டைத் தேடுங்கள். விற்பவரிடம் டெர்மினல் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்; இருந்தால் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள், முடியாவிட்டால் சேர்த்து வாங்கக்கூடிய ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு வழி இருக்கிறது. எல்கே201 டெர்மினலோடு பேசும் மொழியை டெக் தன் கையேடுகளிலேயே விவரமாக எழுதி வைத்திருக்கிறது: நொடிக்கு 4800 பிட் வேகத்தில் போகும் சாதாரணத் தொடர் இணைப்பு அது. ஆகவே அதே மைக்ரோகன்ட்ரோலரை மறுபுறமாக எழுதி, இன்றைய யுஎஸ்பி கீபோர்டை எல்கே201 போல நடிக்க வைக்கலாம். கீபோர்டு தொலைத்த விடி220 அதை ஏற்றுக்கொண்டு இயங்கும். பழைய கீபோர்டை யுஎஸ்பிக்கு மாற்றும் அளவுக்குக் கைத்திறன் வந்துவிட்டால், அடுத்து செய்ய வேண்டிய வேலை இதுதான்.